ஆளைக் கூப்பிடுங்க

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். பெங்களூரில் ஏதோ கம்பெனியின் மனிதவளப் பிரிவாம். எங்கள் தொழிற்சாலையில் என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். விசாரிக்க வேண்டுமென்றால் இவரிடம் கேளுங்கள் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

"அவரோட பெர்ஃபார்மன்ஸ் எப்படி இருந்தது சார்? வீக்னஸ் என்ன? ஃப்ரீயா சொல்லுங்க. இது அவருக்குப் போகாது" என்றாள்.

"அவனையும் லைன்ல சேத்துக்கோங்கம்மா. அப்பறம் சொல்றேன்" என்றேன்.

அப்படியெல்லாம் செய்யும் வழக்கம் இல்லை என்றாள். அப்படியென்றால் எனக்கும் சொல்லும் வழக்கம் இல்லை என்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஒரு பையன் பொழப்பைக் கெடுத்துப்போடாதீங்க" என்று கையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் பையனையும் சேர்த்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். கைவேலை சுத்தம், கணக்கு சுத்தம், திங்கட்கிழமை மட்டும் நேரத்துக்கு வரமாட்டான் என்று சொன்னேன். "ஆமாங்க சார்" என்று பையன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். வேலை கிடைத்துவிட்டது. நன்றி சொல்லக் கூப்பிட்டபோது திங்கட்கிழமையை அவன் இன்னும் மன்னிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. ஒரு அம்மாவிடமிருந்து தொற்றிக்கொண்டது.

கோயம்புத்தூருக்கு வெளியே, அவிநாசி ரோட்டை ஒட்டி, கிணற்று மோட்டாரும் பம்பும் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்குகிற பிரிவுக்கு வைண்டிங் என்று பெயர். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் அந்த அம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிரிவில் உள்ளவர்கள் அக்கா என்பார்கள், அதைக் கேட்டு முழுத் தொழிற்சாலையும் அக்கா என்றது. முதலாளி மட்டும் அம்மணி என்பார்.

குள்ளமான உருவம். மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "கேட்டு வந்தவிங்களுக்கு என்னையப் புடிச்சுது, எனக்குத்தான் அவிங்களப் புடிக்கலீங்க" என்பார். அதற்குமேல் யாரும் கேட்க முடியாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், நல்லதோ கெட்டதோ, உள்ளங்கையை உயர்த்துவார். "ஆளைக் கூப்புடுங்க. அப்பறம் பேசலாம்" என்பார். ஆள் பக்கத்திலேயே இருந்தால் இவரே எழுந்து போய்க் கூட்டி வந்துவிடுவார். அதுதான் பெரிய தொல்லை. கேன்டீனில் மெஷின் ஷாப் பிரிவு ஆள் ஒருவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், ரசம் ஊற்றுவதற்குள் அந்த மெஷின் ஷாப்காரன் எதிரே வந்து நிற்பான். அக்கா தட்டோடு வருவதைப் பார்த்தாலே எங்கள் மேஜையில் பேச்சு கரண்ட் கட்டுக்கும் தக்காளி விலைக்கும் மாறிவிடும்.

அதற்காக அவரைச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. முகத்துக்கு நேரே அவர் சொல்கிற வார்த்தை சுருக்கென்று குத்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னும் ஒழுங்காக அறிமுகம்கூட ஆகவில்லை, "தம்பி, அந்த மீசை உங்களுக்கு ஒத்து வரலீங்க" என்றார். ஆசை ஆசையாக வளர்த்த மீசை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு எடுத்துவிட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மனைவிக்கு முதலில் பிடித்தது மீசை இல்லாத முகம்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அவர் இருந்தது கோவையில் கணபதிப் பகுதியில். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு நடுவயது அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர்கள் மாப்பிள்ளைக்கு அத்தை, மாமா. பெண் எப்படி, குணம் எப்படி, வாய் நீளமா என்று அக்கம்பக்கத்தில் காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. தண்ணீர் குடித்துவிட்டு அந்த அத்தை மெல்ல ஆரம்பித்தார்.

"பக்கத்தூட்டுப் புள்ளை எப்படீங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அக்கா எழுந்தார். காம்பவுண்ட் சுவர் ஓரமாகப் போய், "கண்ணு! இங்க கொஞ்சம் வா. உன்னையப் பத்திக் கேக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், உட்டுப்போனத நீ சொல்லு" என்று கூப்பிட்டார்.

சிலிண்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். மாமாக்காரர் செருப்பைத் தேடினார். அத்தையால் எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தோம்."

"கேளுங்க. புள்ளை வந்துருச்சல்ல" என்றார் அக்கா.

"கோவம் கீவம் வருமாம்மா?" என்று அத்தை கேட்டே விட்டார்.

"வருமுங்க" என்றாள் பெண்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அம்மா அதன்பிறகு அக்கா வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார். பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, அக்காவுக்கு அழைப்பில்லை. பெண் மட்டும் புருஷனைக் கூட்டிக்கொண்டு தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனாள். இதை எல்லாம் நான் வேலையிடத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், அக்காவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டுதான்.

எங்கள் முதலாளி அப்போது ஆட்களை எடைபோட்ட விதமே வேறு. காலையில் வெள்ளை வேட்டியோடு ஒரு சுற்று வருவார். இவன் தோளில் தட்டுவார், அவனிடம் "ஊட்ல அம்மாவுக்குக் கால் வலி பரவாயில்லீங்களா?" என்பார். அவர் கண்ணுக்குப் பட்டது பாதி. மீதி காது வழியாகப் போனது. யார் எப்படி என்று யாராவது அவர் காதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு ஒரு கவர் கொடுத்து, "உங்களுக்கு மட்டுந்தான் இவ்வளவு. வெளிய சொல்லிப்போடாதீங்க" என்பார். எல்லோரிடமும் அதையேதான் சொன்னார். நாங்களும் ஆளுக்கு ஆள் நாம்தான் செல்லப்பிள்ளை என்று நம்பிக்கொண்டு வெளியே வருவோம். சண்டை சச்சரவே இல்லாத காலம். யாருக்கு எது ஏன் கிடைத்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அக்காவிடம் அந்தக் காது வேலை நடக்கவில்லை. "அந்த மூணாவது டேபிள் புள்ளை எப்படி அம்மணி?" என்று முதலாளி கேட்டால், மூன்றாவது டேபிள் பெண்ணே பயந்துகொண்டு அறைக்குள் வந்து நிற்கும். முதலாளிக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அடுத்த வருடமும் கேட்பார்.

பிறகு தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாடு கதவைத் திறந்தது. செய்தித்தாளில் படித்தபோது அது டெல்லி விவகாரமாகத் தெரிந்தது. எங்கள் கேட்டுக்குள் அது வேறு மாதிரி வந்தது. அதுவரை மோட்டார் வேண்டுமென்றால் டீலர் எங்களிடம்தான் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது வெளிநாட்டுப் பம்புகள் கடை முகப்பில் வந்து உட்கார்ந்தன, வட நாட்டுக் கம்பெனிகள் வந்தன, டீலர் எங்களிடம் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார். தாக்குப்பிடிக்க முதலாளி ஒரு ஐரோப்பியக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். புது மெஷின் வந்தது. கூடவே டை கட்டிய ஒரு மனிதவள மேலாளரும் வந்தார். சென்னைக்காரர், சின்ன வயது, உழைப்பாளி. நல்லவரும்கூட.

இதில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் டெஸ்பாட்ச் பிரிவு. செய்து முடித்த மோட்டாரை லாரி ஏற்றி டீலருக்கு அனுப்புவது என் பொறுப்பு. என்னால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியாது. நாக்கு வராது. "எப்பங்க வரும்?" என்று டீலர் கேட்டால் "நாளைக்கு ஏத்திப்போடறனுங்க" என்பேன். மோட்டார் அப்போது பெயின்ட்கூட அடிக்காமல் கிடக்கும். மறுநாள் கேட்டால் "லாரி இப்பத்தான் கெளம்புச்சுங்க" என்பேன். டீலருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் காலத்தில் என்னை எல்லோரும் தங்கமான மனுஷன், முகம் கோணாமல் பேசுவார் என்றார்கள். அதே பேச்சை அதே மாதிரி நான் பேசிக்கொண்டிருக்க, வெளியே உலகம் மாறிவிட்டது. நாளைக்கு என்று நான் சொன்னதை நம்பிய டீலர், நாளை மறுநாள் பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி மோட்டாரை வாங்கிவிட்டார்.

சென்னைக்காரர் புது ஏற்பாட்டை எங்களை எல்லாம் உட்கார வைத்து விளக்கினார். இனிமேல் காது கிடையாது, கவர் கிடையாது. வருட ஆரம்பத்தில் இலக்கு, வருடக் கடைசியில் மதிப்பெண், அதை வைத்து ஐந்து கிரேடு. ஒவ்வொரு கிரேடிலும் இத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி கிரேடிலும்தான். அதில் விழுந்தவர்களுக்கு ஒரு கடிதம், கொஞ்சம் பணம், கேட் வரை ஒரு கைகுலுக்கல்.

எங்களில் பாதிப் பேர் ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தோம். அக்கா மட்டும் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேலதிகாரி ஊழியரை எதிரே உட்கார வைத்து நிறை குறையைச் சொல்ல வேண்டும் என்று சென்னைக்காரர் சொன்னதுதான் காரணம். வெளியே வந்ததும் என்னிடம், "இத்தன நாளா காதுல ஓதிட்டிருந்தாங்க. இனி எதுத்தாப்புல உக்காந்து சொல்லியாகோணுமுங்க. நல்ல காலந்தான் வந்துருக்குது" என்றார். பழைய நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஆளில்லை அவர்.

ஆனால் சென்னைக்காரருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. முதலில் அவரவர் தமக்கே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வைத்தார். ஐந்துக்கு எத்தனை? நம்மைப் பற்றி நாமே நன்றாகச் சொல்லிக்கொண்டால் அது என்ன லட்சணம்? விருந்துக்குப் போனால் பசியில்லை என்றுதானே முதலில் சொல்கிறோம், இலை போடுகிறவர்கள் வற்புறுத்துவார்கள் என்கிற நம்பிக்கையில். அதே நம்பிக்கையில் எல்லோரும் இரண்டு, மூன்று என்று அடக்கமாகப் போட்டோம். மேலதிகாரி பார்த்து உயர்த்துவார், அதுதான் அழகு. நான் இரண்டு போட்டேன். என் மேலதிகாரி வொர்க்ஸ் மேனேஜர், தங்கமானவர், என்னைவிட மரியாதை தெரிந்தவர். அவர் அந்த இரண்டைத் தொடவே இல்லை. "அவரே பாத்துப் போட்டுருக்கறாரு. அதைப் போயி நான் மாத்துனா மரியாதையா இருக்குங்களா?" என்று பிறகு கேட்டார்.

அக்கா மட்டும் தனக்கு நாலு போட்டிருந்தார். "நாலு வேலைதான் செஞ்சேன். அஞ்சாவதுக்கு இன்னும் கத்துக்கோணும்" என்றாராம். வைண்டிங் பெண்களையும் அப்படியே பேச வைத்திருந்தார். இரண்டு போட்டு வந்தவளிடம், "இது அடக்கமில்ல கண்ணு, பொய்யி. போயி நெசத்தப் போட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மீதித் தொழிற்சாலை முழுக்க, தானே தன்னை உதவாக்கரை என்று ஒப்புக்கொண்டது போல கூட்டுக் கம்பெனியின் மும்பை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்களோ பயந்தார்களோ தெரியாது. கீழிருந்து எண்ணிப் பார்த்தபோது முதல் பெயர் என்னுடையது.

எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. டெஸ்பாட்ச் தவிர வேறு வேலை தெரியாது. இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன். பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் கான்ஃபரன்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அன்று, என் பெயர்தான் முதலில் என்பது ஏற்கெனவே என் காதுக்கு வந்துவிட்டது. பழைய காது வழிதான். லோடிங் மேடையில் நின்றுகொண்டு லாரிக்குக் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

உள்ளே நடந்ததை வொர்க்ஸ் மேனேஜர் எனக்குப் பிறகு சொன்னார். அக்கா பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னார். சென்னைக்காரர் என் பெயரைத் திரையில் போட்டு, "இவருக்கு லாஸ்ட் கிரேடு. எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் மேஜையைப் பார்த்திருக்கிறார்கள். அக்கா கையை உயர்த்தியிருக்கிறார்.

"ஆளைக் கூப்புடுங்க."

"மேடம், இது க்ளோஸ்டு டோர் மீட்டிங். எம்ப்ளாயி வரக் கூடாது."

"எதுத்தாப்புல உக்கார வெச்சுச் சொல்லோணும்னு நீங்கதானுங்க எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. இப்ப அவரு லோடிங் மேடைல நிக்கறாரு. நீங்க வரச் சொல்றீங்களா, நான் போயிக் கூட்டியாரட்டுங்களா?"

அவரே வந்தார். மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "வாங்க தம்பி. உங்களைப் பத்திப் பேசறாங்க" என்றார். கையிலிருந்த லாரிச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "வாங்க வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார் வொர்க்ஸ் மேனேஜர். "கொழந்தைங்க எல்லாம் நல்லாப் படிக்கறாங்களா?" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். என்னை வீட்டுக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருந்த அறை அது. ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. இந்த ஊரில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சென்னைக்காரர் முன்பு ஒருமுறை புலம்பியிருக்கிறார். அன்று அவரும் வாய் திறக்கவில்லை. என் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் ஆரம்பித்தார்.

"தம்பி, உங்களுக்குக் கடைசி கிரேடு போடறதுக்குப் பேசிட்டிருக்கறாங்க. எதுனாலன்னா நீங்க டீலருங்களுக்குச் சொல்ற தேதி எல்லாம் பொய்யிங்க. என்ற புள்ளைங்க ராத்திரி பகலா சுத்தி முடிச்ச மோட்டாரு இங்க கெடக்குது, வாங்கறவன் வேற கடைக்குப் போயிட்டான். உங்க பேச்ச நம்பித்தான் போயிட்டான். நீங்க நல்லவருதான். உங்க நல்ல பேருக்கு நாங்க வேலை செய்ய முடியாதுங்க."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. காது மடல் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்கக்கா" என்றேன். "இல்லைன்னு சொல்றதுக்கு வாய் வரமாட்டேங்குது."

"உங்களுக்கு நீங்களே எதுக்கு ரெண்டு போட்டீங்க?"

"நம்மளைப் பத்தி நாமளே எப்படீங்கக்கா..."

அக்கா சென்னைக்காரர் பக்கம் திரும்பினார். "பாத்துக்கோங்க சார். இவரு சொன்ன பொய்யி ரெண்டு. டீலருகிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. ரெண்டையும் அவரு வாயாலயே சொல்லிப்போட்டாரு. தெரியாம செய்யறவரை ஒண்ணும் பண்ண முடியாதுங்க. தெரிஞ்சு செய்யறவரு நிறுத்திக்கலாம். கடைசிக்கு முந்துன கிரேடு போடுங்க. ஒரு வருசம் பாப்போம். இனி எந்த டீலருக்குத் தேதி சொன்னாலும், அந்த மோட்டாரு எந்தப் பிரிவுல கெடக்குதோ அந்தப் பிரிவு ஆளைப் பக்கத்துல நிறுத்திட்டுச் சொல்லட்டும்."

அப்படித்தான் முடிவாயிற்று. முதல் மாதம் செத்துப் பிழைத்தேன். பக்கத்தில் பெயின்ட் பிரிவு ஆள் நிற்கும்போது "நாளைக்கு" என்று எப்படிச் சொல்வது? "பதனஞ்சு நாளாகுமுங்க" என்று முதல் தடவை சொன்னபோது டீலர், "இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தன வருசம் ஆச்சுங்களா?" என்றார். அந்த டீலர் எங்களை விட்டுப் போகவில்லை. நானும் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். என் வேலையை, என் வீட்டை, என் பெண்களின் படிப்பைக் காப்பாற்றியவர் அக்கா என்று அன்றிலிருந்து சொல்லாத இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது எனக்கு இன்றுவரை சங்கடமாக இருக்கிறது. கடைசி கிரேடு காலியாக இருக்க விதியில்லை. அதே மாலை அக்கா தன் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அதில் போட்டார். அறைக்குள் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் காரணத்தைச் சொல்லித்தான் போட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். காரணங்கள் சரியானவை என்று வைண்டிங் பெண்களே சொன்னார்கள். ஆனாலும் அவளும் ஒரு வீட்டுக்குத்தானே போனாள்? பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நான் கூட இருந்தேன். "அவளும் மூஞ்சிக்கு நேராத்தான காட்டறா. காட்டட்டும்" என்று அக்கா குடையை விரித்துக்கொண்டார். குரல் மட்டும் வழக்கமான குரலாக இல்லை.

இதுவரை எழுதி முடித்து வைத்திருந்தேன். மனைவி படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "அவிங்க உயிரோட கோபில இருக்கறாங்க. நீங்க இங்க உக்காந்து அவிங்களைப் பத்தி எழுதறீங்க. ஆளைக் கூப்புட்டீங்களா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போன வாரம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா இப்போது அங்கே தன் தம்பி வீட்டோடு இருக்கிறார். வீட்டைச் சுற்றி வாழைத் தோட்டம். முழங்கால் வலியால் எழுந்து வரவில்லை, உட்கார்ந்தபடியே "வாங்க தம்பி. இளைச்சுப் போயிட்டீங்க, நல்லால்லீங்க" என்றார். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மீசையைப் பற்றி எதற்கு என்று ஒருமுறை கேட்டார். கறிவேப்பிலைக்குச் சிரித்தார். அவர் பெயரை எழுதியிருந்த இடங்களில் அடிக்கச் சொன்னார். "பேரு போட்டா, படிக்கறவிங்க என்னையப் பத்தி உங்ககிட்டக் கேப்பாங்க. நான் அங்க இருக்க மாட்டேன்" என்றார். அடித்துவிட்டேன்.

படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு தப்பா எழுதியிருக்கறீங்க."

"எதுங்கக்கா?"

"உங்களைக் காப்பாத்தறதுக்கு நான் கூப்புடலீங்க. கடைசி கிரேடு உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிப்போட்டுத்தான் நானும் அந்த ரூமுக்குள்ள போனேன். மத்தவிங்க உங்க மார்க்கப் பாத்துச் சொன்னாங்க. நான் உங்க வேலையப் பாத்துட்டே இருந்தவ. நீங்க போறதுதான் சரின்னு நெனச்சேன். அதை நீங்க இல்லாம சொல்லக் கூடாதுன்னுதான் கூப்புட்டேன்."

வாழைத் தோட்டத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எத்தனை வருடங்களாக, எத்தனை பேரிடம், எவ்வளவு நன்றியோடு சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அப்பறம் எதுக்குங்கக்கா மாத்துனீங்க?"

"பொய்யின்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களான்னு கேட்டனல்லங்க? இல்லீங்கக்கா, மெஷின் ஷாப்புல லேட்டு, பெயின்ட்ல லேட்டுன்னு நாலு பேரு தலைல போடுவீங்கன்னு நெனச்சேன். போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீங்க தெரியுமுங்கன்னீங்க. அது வரைக்கும் எனக்கு உங்களைத் தெரியலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கூப்புடாம முடிவு பண்ணியிருந்தா நான் உங்க பொழப்பைக் கெடுத்திருப்பேன் தம்பி. அதை நெனச்சு எத்தனையோ நாள் எனக்குத் தூக்கம் வரலீங்க."

"இத்தன வருசமா இதைச் சொல்லவே இல்லீங்களே?"

"நீங்க ஊரெல்லாம் என்னையப் பத்திச் சொல்லியிருக்கறீங்க. எனக்கு முன்னால ஒரு நாளுஞ் சொல்லலையே. சொல்லியிருந்தா அன்னைக்கே தப்புன்னு சொல்லியிருப்பேன்."

உண்மைதான். கேலியை எல்லாம் அவர் எதிரிலேயே செய்திருக்கிறேன். நன்றியை மட்டும் ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்கும் எனக்கு நாக்கு வரவில்லை போலிருக்கிறது. அங்கேயே, அவர் தம்பி டீயோடு வந்து நிற்கும்போதே, சொன்னேன். "அக்கா, உங்களை எனக்கு ரொம்பப் புடிக்குமுங்க. பயமும் உண்டுங்க. நீங்க இல்லாட்டி நான் கடைசி வரைக்கும் பொய் சொல்லிட்டே நல்லவனா இருந்திருப்பனுங்க."

அவர் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே பேசித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது, "நீங்க சொன்னதையும் சேத்து எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றார். "எழுதிப்போட்டு, மறுக்கா வந்து படிச்சுக் காட்டோணும்."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.